ஒரு முகவரி, ஒரு பெயர், பல டொமைன்கள்



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், மேலோட்டமாகப் பார்த்தால், சர்வர் நிர்வாகிகளின் சில்லறை வேலை போலத் தோன்றும். ஒரே மெயில் சர்வரில் பத்து, இருபது டொமைன்களுக்கு அஞ்சல் போக்குவரத்து நடக்கிறது. ஒரு பள்ளி, ஓர் அச்சகம், ஒரு கூட்டுறவுச் சங்கம், இரண்டு மூன்று கடைகள் என்று உரிமையாளர்கள் வெவ்வேறு ஆட்கள். இயந்திரம் ஒன்று, ஐபி முகவரியும் ஒன்று. இந்த முகவரி யாருடையது என்று அஞ்சலைப் பெறும் சர்வர் திருப்பிக் கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது? பள்ளியின் பெயரையா, அச்சகத்தின் பெயரையா, இருக்கிற பெயர்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிப்பதா? அந்தக் கேள்விக்கு நாம் எழுதிவைக்கும் பதில்தான் ரிவர்ஸ் டிஎன்எஸ். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் டிஎன்எஸ் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறது. அதில் குடியிருக்கும் டொமைன்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே எத்தனை டொமைன்கள் இருந்தாலும் ஒரு முகவரிக்கு ஒரே பெயர் போதும். அந்தப் பெயர் எல்லாத் திசையிலும் ஒத்துப்போக வேண்டும். டொமைன்களின் அடையாளத்தை நிலைநாட்ட வேறு கருவிகள் இருக்கின்றன. இந்த இரண்டு பொறுப்புகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நியாயமான கடிதங்கள் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுகின்றன.

ஏன் இப்படி ஒரு கேள்வியே எழுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மின்னஞ்சலைச் சுமக்கும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதினார். அன்று இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சிக் கூடத்தினர். அனுப்புகிறவர் பொய் சொல்வார் என்ற கவலை அந்த வடிவமைப்பில் இல்லை. இன்றும் ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் 25-ஆம் போர்ட்டைத் தட்டும்போது தன்னைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்கிறது. ஹீலோ வரியில் ‘நான் இன்ன இயந்திரம்’ என்கிறது. அடுத்து உறைமேல் அனுப்புநர் முகவரியைத் தருகிறது. கடைசியாகக் கடிதத்துக்குள் வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் பெயர் வருகிறது. மூன்றும் அந்தச் சர்வரே சொல்லிக்கொள்பவை. மூன்றையும் இஷ்டத்துக்கு எழுதலாம். பெறுகிற பக்கம் தானாகப் பார்த்து அறியக்கூடியது ஒன்றே ஒன்று, இணைப்பு எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது என்பது. டிசிபி இணைப்பு நிலைபெற வேண்டுமானால் பதில் பாக்கெட் அந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டும். அதனால் அதை மட்டும் வாய்க்கு வந்தபடி புனைந்து சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிந்தது வெறும் எண். ஆனால் நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு பெயர் தேவை. எண்ணிலிருந்து பெயருக்குப் போகும் வழி ரிவர்ஸ் டிஎன்எஸ் ஒன்றுதான்.

அந்த வழி எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1987 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1035, பெயரிலிருந்து எண்ணைத் தரும் அதே டிஎன்எஸ் மரத்தில் எண்களுக்கென்று ஒரு கிளையை வகுத்தது. இன்-அட்ர்.ஆர்ப்பா என்பது அதன் பெயர். 192.0.2.25 என்ற முகவரியின் பெயரை அறிய, எண்களைத் தலைகீழாக்கி 25.2.0.192.இன்-அட்ர்.ஆர்ப்பா என்ற இடத்தில் பிடிஆர் பதிவைத் தேடுகிறோம். தலைகீழாக்குவதற்குக் காரணம் உண்டு. டிஎன்எஸ்ஸில் பெயரின் வலக்கோடியில் பெரிய அதிகாரமும் இடக்கோடியில் தனி இயந்திரமும் நிற்கும். ஐபி முகவரியில் பெரிய பகுதி இடப்பக்கம் இருக்கிறது. புரட்டி எழுதினால் இரண்டும் ஒரே ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. அதன் பயனாக, முகவரித் தொகுதிகள் எந்தக் கை மாறி வந்தனவோ அதே கைகளின் வழியே ரிவர்ஸ் டிஎன்எஸ் எழுதும் அதிகாரமும் வருகிறது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஏப்நிக், இந்தியாவில் ஐஆர்ஐஎன்என், அதற்குக் கீழே இணையச் சேவை நிறுவனம் அல்லது டேட்டா சென்டர், கடைசியில் நாம். டொமைன் பெயரோ முற்றிலும் வேறு பாதையில், பதிவு நிறுவனங்களின் வழியே வருகிறது. டொமைனை வாங்கிய இடத்தின் கண்ட்ரோல் பேனலில் எவ்வளவு தேடினாலும் பிடிஆர் எழுத இடம் கிடைக்காது. அதை எழுத முடிந்தவர் முகவரியைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே.

இப்படி இரண்டு தனித்தனி அதிகாரங்கள் இருப்பதில் ஓர் ஆபத்தும் ஒரு பலமும் உண்டு. ஆபத்து என்னவென்றால், முகவரி என்னுடையதாக இருந்தால் அதற்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் நான் எழுதிவிடலாம். ஒரு வங்கியின் பெயரை எழுதினாலும் டிஎன்எஸ் தடுக்காது. யூனிக்ஸ் உலகம் இதை அனுபவித்து அறிந்தது. ஆர்லாகின் போன்ற பழைய சேவைகள், ரிவர்ஸ் டிஎன்எஸ் தந்த பெயர் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தால் கடவுச்சொல் கேட்காமலேயே உள்ளே விட்டன. பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் பெலோவின் இந்த ஓட்டையை விளக்கி 1990-இல் எழுதிய கட்டுரை, ஆபத்தின் அளவு கருதி 1995 வரை வெளியிடப்படாமலே வைக்கப்பட்டிருந்தது. மாற்று மருந்து எளியது. எண்ணிலிருந்து பெயரைப் பெற்ற பிறகு, அந்தப் பெயரை மீண்டும் டிஎன்எஸ்ஸில் கேட்டு அதே எண் வருகிறதா என்று சரிபார்ப்பது. நெதர்லாந்தின் வீட்சே வெனிமா 1990-இல் எழுதிய டிசிபி ராப்பர் இந்த இரட்டைச் சோதனையைச் செய்தது. அதே வெனிமா 1998-இல் வெளியிட்டதுதான் இன்று நம்மில் பலர் நடத்தும் போஸ்ட்ஃபிக்ஸ். அதிலும் அறிமுகமில்லாத கிளையன்ட்டை மறுக்கும் விதி இதே இரட்டைச் சோதனையைத்தான் செய்கிறது. முகவரிக்காரர் ‘இதன் பெயர் இது’ என்கிறார். பெயர்க்காரர் ‘ஆம், அந்த முகவரி என்னுடையதுதான்’ என்கிறார். ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்தாத இரண்டு தரப்பும் ஒத்துச் சொல்வதால் அந்தச் சொல்லுக்கு எடை கிடைக்கிறது. பலம் என்று நான் சொன்னது இதைத்தான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்தச் சோதனை எதைக் கேட்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால் பதில் தானாகக் கிடைக்கும். ‘இந்த இயந்திரத்துக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் உண்டா?’ என்று அது கேட்கிறது. ‘இந்தக் கடிதம் யாருடையது?’ என்று கேட்கவில்லை. கடிதத்தின் அனுப்புநர் டொமைனும் பிடிஆர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த நெறிமுறை ஆவணமும் விதிக்கவில்லை. தபால்தலைமேல் விழும் அஞ்சலக முத்திரையை எண்ணிப்பாருங்கள். ஒரு பகுதியில் போடப்படும் எல்லாக் கடிதங்களிலும் அந்த அஞ்சலகத்தின் ஒரே முத்திரைதான் விழும். ஆளுக்கொரு முத்திரை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எழுதியவர் யார் என்பதைக் கையெழுத்து சொல்லும். பெரிய நிறுவனங்களின் நடைமுறை இதற்குக் கண்கூடான சான்று. கூகுள் வொர்க்ஸ்பேஸில் எண்ணற்ற நிறுவனங்கள் தங்கள் சொந்த டொமைனில் அஞ்சல் நடத்துகின்றன. அவற்றின் கடிதங்களைச் சுமந்து வரும் முகவரிகளைத் திருப்பிக் கேட்டால் கூகுள்.காம் என்று முடியும் இயந்திரப் பெயர்களே கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 365 வாடிக்கையாளர்களின் கடிதங்கள் அவுட்லுக்.காம் என்று முடியும் பெயர்களிலிருந்து வருகின்றன. வாடிக்கையாளர் டொமைன் ஒன்றுகூட அங்கே பிடிஆரில் இல்லை; அந்தக் கடிதங்கள் அதனால் தடைபடுவதும் இல்லை. இவ்வளவு அஞ்சல் இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, இருபது டொமைன் வைத்திருக்கும் சர்வருக்கு மட்டும் வேறு விதி இருக்க முடியாது.

‘ஒரு முகவரிக்குப் பல பிடிஆர் பதிவுகள் எழுதலாம் என்று ஆவணமே அனுமதிக்கிறதே’ என்ற ஆட்சேபம் இங்கே எழும். உண்மைதான். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2181, ஒரு முகவரிக்கு ஒரே பிடிஆர்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை தவறு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அனுமதி உண்டு என்பதால் பயன் உண்டு என்று ஆகிவிடாது. நிரல்கள் எண்ணைப் பெயராக மாற்றப் பயன்படுத்தும் வழக்கமான லைப்ரரி அழைப்பு ஒரே ஒரு பெயரைத்தான் திருப்பித் தருகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் அதையே வாங்கிக்கொள்கிறது. பதிவுகள் பல இருந்தால் டிஎன்எஸ் அவற்றை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுழற்சி முறையில் வரிசையை மாற்றித் தருவதும் வழக்கம். இப்போது பன்னிரண்டு டொமைன்களுக்குப் பன்னிரண்டு பிடிஆர் எழுதிய ஒரு சர்வரை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரு வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார். அவருடைய டொமைன் இப்போது வேறு முகவரியைக் காட்டுகிறது. பழைய பிடிஆரை நீக்க யாருக்கும் நினைவில்லை. எதிர்ப்பக்க சர்வருக்கு அந்தப் பெயர் முதலில் கிடைக்கும்போது இரட்டைச் சோதனை தோற்கிறது, கடிதம் திரும்புகிறது. தோற்ற கடிதம் பள்ளியுடையதாக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கத்துடையதாக இருக்கலாம். போன வாடிக்கையாளருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எதிர்ப்பக்கம் போஸ்ட்ஃபிக்ஸாக இருந்து முன்பு சொன்ன மறுப்பு விதியும் இயக்கப்பட்டிருந்தால், இயல்பாக வரும் மறுப்பு 450 என்ற தற்காலிகக் குறியீடு. நம் சர்வர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். அப்போது வேறு பெயர் முதலில் வந்து கடிதம் போய்விடும். சில கடிதங்கள் உடனே சேர்கின்றன, சில மணிக்கணக்கில் தாமதிக்கின்றன, லாக்கைப் பார்ப்பவருக்குக் காரணம் புரிவதில்லை. எப்போதும் தோற்கும் கோளாறை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம்; அவ்வப்போது தோற்கும் கோளாறு மாதக்கணக்கில் ஆளைச் சுற்றவிடும். இவ்வளவு இடரையும் ஏற்று நாம் பெறுவது என்ன? யாரும் கேட்காத கேள்விக்குப் பன்னிரண்டு பதில்கள்.

அடுத்த ஆட்சேபம் வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து வருகிறது. ‘எங்கள் கடிதத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் தெரியலாமா?’ என்று அவர் கேட்பார். மதிக்க வேண்டிய கேள்வி. ஆகவே பெயர் எங்கே தெரிகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கடிதத்தின் மூலத்தைத் திறந்தால், பெறும் சர்வர் எழுதிய வரவு வரி ஒன்று இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் எழுதும் வரியில் முதலில் நம் சர்வர் ஹீலோவில் சொன்ன பெயர். அடுத்து வளைந்த அடைப்புக்குள், பெறுகிறவர் தாமே சோதித்து அறிந்த பெயர். அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஐபி முகவரி. சோதனை தோற்றிருந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்னோன்’ என்ற சொல் நிற்கும். இந்த வரியைத் தேடிப் படிப்பவர் நம்மைப் போன்ற நிர்வாகிகள் மட்டுமே. சாதாரண வாசகர் ஜிமெயிலில் விவரத்தைத் திறந்தால், எந்த டொமைன் அனுப்பியது, எந்த டொமைன் கையொப்பமிட்டது என்ற இரண்டு வரிகளைத்தான் பார்க்கிறார். அந்த இரண்டும் பிடிஆரிலிருந்து வருவதில்லை. முதலாவது எஸ்பிஎஃப் சோதித்த உறைமேல் டொமைன், இரண்டாவது டிகேஐஎம் கையொப்பத்தின் டொமைன். வாடிக்கையாளரின் கௌரவம் குடியிருக்கும் இடம் அதுதான். நம் உழைப்பையும் அங்கேதான் செலவிட வேண்டும்.

அந்தக் கருவிகளை இங்கே சுருக்கமாகச் சொல்வது போதும், ஏனென்றால் ஒவ்வொன்றும் தனிச் சொற்பொழிவுக்கு உரியது. எஸ்பிஎஃப் மூலம் டொமைன்காரர் தன் பெயரில் அனுப்ப எந்த முகவரிகளுக்கு உரிமை தந்திருக்கிறார் என்று அறிவிக்கிறார். டிகேஐஎம் ஒவ்வொரு கடிதத்திலும் டொமைனின் மறைக்குறியீட்டுக் கையொப்பத்தை இடுகிறது. 2015-இல் ஆர்எஃப்சி ஆவணமாக வெளியான டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது வாசகர் காணும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. மூன்றும் டொமைன் அளவில் இயங்குபவை. இருபது டொமைன் இருந்தால் இருபதுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுத முடியும். எஸ்பிஎஃப்பில் பிடிஆரை வைத்து உரிமை தரும் ஒரு பழைய வழி இருந்தது. 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7208 அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்துகிறது; மெதுவானது, நம்பத்தகாதது என்று காரணமும் சொல்கிறது. பழைய பதிவுகளுக்காக அந்த வழியை முற்றிலும் அடைக்காமல் விட்ட இடத்திலும், பத்துப் பெயர்களுக்கு மேல் பார்க்க வேண்டாம் என்று வரம்பு கட்டுகிறது. கடிதத்தின் உரிமையைப் பிடிஆரோடு கட்டிப்போடுவதை வடிவமைப்பாளர்களே கைவிட்டுவிட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் ஓர் ஆட்சேபம் உண்டு. ‘ஹீலோவில் சொன்ன பெயர் முகவரியோடு பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் கடிதத்தை மறுக்கக் கூடாது என்று ஆர்எஃப்சி 5321 சொல்கிறதே, பிறகு ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்?’ என்பது அது. 2008-இல் வந்த அந்த ஆவணத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறது என்பது சரியே. ஆனால் அதே ஆவணம், ஒரு சர்வர் தனக்கு நியாயமாகப் படும் எந்தத் தொழில்நுட்பக் காரணத்துக்காகவும் அஞ்சலை ஏற்க மறுக்கலாம் என்பதை நிலைபெற்ற கொள்கையாகவும் ஒப்புக்கொள்கிறது. நடைமுறை இந்த இரண்டாவது வழியில்தான் போயிருக்கிறது. ரிவர்ஸ் டிஎன்எஸ் சோதனை தோற்றதற்கென்றே 5.7.25 என்ற தனிக் குறியீட்டை 2014-இல் ஆர்எஃப்சி 7372 ஏற்படுத்தியது. முகவரிக்குப் பிடிஆர் இல்லை, அல்லது பிடிஆர் காட்டும் பெயர் அந்த முகவரிக்குத் திரும்பவில்லை என்றால், ஜிமெயில் 550 என்ற நிரந்தர மறுப்போடு அந்தக் குறியீட்டையும் சேர்த்து அனுப்புகிறது. 2023 அக்டோபரில் கூகுள் அறிவித்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளில், நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் டிமார்க் கட்டாயம். இரண்டு திசையிலும் ஒத்துப்போகும் டிஎன்எஸ் பதிவுகளோ, ஒரே ஒரு கடிதம் அனுப்புகிறவர் உட்பட எல்லோருக்கும் கட்டாயம். ஆவணத்தின் ஒரு வரியைக் காட்டி நாம் வழக்காடலாம். பெற்றோருக்குப் போக வேண்டிய பள்ளியின் கடிதம் அதற்குள் திரும்பி வந்திருக்கும்.

‘ஸ்பாம் அனுப்புகிறவனும் ஒழுங்காகப் பிடிஆர் எழுதிவிடலாமே, இதனால் என்ன நிரூபணம் ஆகிறது?’ என்று கேட்பவர்களும் உண்டு. நல்லவன் என்று நிரூபணம் ஆவதில்லைதான். அப்படி நிரூபிக்கும் என்று நான் உரிமை கொண்டாடவும் இல்லை. நிரூபணம் ஆவது பொறுப்பு மட்டுமே. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் உரிமையாளருக்குத் தெரியாமல் அனுப்பும் ஸ்பாமை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்புகளுக்கு ஒன்று பிடிஆரே இருக்காது, அல்லது சேவை நிறுவனம் தானாக உருவாக்கிய, முகவரி எண்களையே கோத்து எழுதிய பெயர் இருக்கும். கணினியைக் கைப்பற்றியவனால் அதை மாற்ற முடியாது, ஏனென்றால் ரிவர்ஸ் டிஎன்எஸ் அவன் கையில் இல்லை. ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டிகள் பிடிஆர் இல்லாததற்கு ஒரு மதிப்பெண்ணும், தானியங்கிப் பெயருக்கு வேறொரு மதிப்பெண்ணும் போடுவது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். இதிலிருந்து நமக்கும் ஒரு பாடம் உண்டு. வாடகைக்கு எடுத்த விபிஎஸ்ஸில் நிறுவனம் முன்கூட்டியே எழுதிவைத்த எண்கோவைப் பெயரை அப்படியே விட்டுவிட்டால், இரட்டைச் சோதனை வெல்லக்கூடும். ஆனாலும் நம் சர்வர் யாரோ ஒருவரின் வீட்டு இணைப்புபோலவே தோன்றும். பதிவு இருக்கிறது என்பதோடு திருப்திப்படாமல், நாம் தேர்ந்தெடுத்த பெயராக அது இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

‘அப்படியானால் டொமைனுக்கு ஒரு தனி ஐபி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே’ என்பது மற்றொரு யோசனை. சில இடங்களில் அது சரி. விளம்பரக் கடிதங்களைக் கூட்டமாக அனுப்பும் வேலையையும், கட்டண ரசீது, கடவுச்சொல் மீட்பு போன்ற அவசியக் கடிதங்களையும் வெவ்வேறு முகவரிகளில் பிரித்து வைப்பது நல்லது. அப்போது ஒவ்வொரு முகவரிக்கும் அதற்கேற்ற பெயரும் அதே பெயரில் ஹீலோவும் வேண்டும். ஆனால் சிறு டொமைன் ஒவ்வொன்றுக்கும் முகவரி வாங்குவது இரண்டு விதத்தில் வீண். ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏப்நிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டு அளந்து கொடுக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து முகவரி என்பது விலைமதிப்புள்ள சரக்கு. இரண்டாவது, புதிய முகவரிக்கு நற்பெயர் உருவாகச் சீரான அளவில் அஞ்சல் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு கடிதம் அனுப்பும் அச்சகத்தின் தனி முகவரி எந்த வடிகட்டிக்கும் பழகாமல் அந்நியனாகவே நின்றுவிடும். பலர் பகிரும் முகவரியில் ஒருவர் கடவுச்சொல்லைப் பறிகொடுத்தால் எல்லோருக்கும் கெட்ட பெயர் வரும் என்பது மெய். அதற்கு மருந்து கணக்குக்கு ஒரு அனுப்பும் வரம்பும், லாக்கின்மேல் இடைவிடாத கண்ணும். பிடிஆரில் பெயர்களைக் கூட்டுவதால் அந்த நோய் தீராது.

எல்லா ஆட்சேபங்களிலும் கனமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இத்தகைய சோதனைகள் சிறியவர்களை ஒதுக்கிவிட்டு அஞ்சலைச் சில பெரிய நிறுவனங்களின் கையில் சேர்க்கின்றன என்பது அது. இதில் நியாயம் இருக்கிறது. தன் பிடிஆரைத் தானே எழுத முடியாத ஒருவர், முகவரி தந்த நிறுவனத்தின் தயவில் வாழ்கிறார். முழுத் தொகுதி இல்லாமல் பத்துப் பதினாறு முகவரிகள் மட்டும் வைத்திருப்பவரிடமும் அந்த அதிகாரத்தை ஒப்படைக்க 1998-லேயே ஆர்எஃப்சி 2317 வழி காட்டியிருக்கிறது. அதைச் செய்து தர மனமில்லாத சேவை நிறுவனங்கள் இன்றும் உண்டு. ஆனால் இந்தக் குறைக்குப் பரிகாரம் சோதனையைக் கைவிடுவதில் இல்லை. அதிகாரத்தைக் கேட்டு வாங்குவதில் இருக்கிறது. சர்வர் வாடகைக்கு எடுக்கும்போது விலைக்கும் வேகத்துக்கும் முன்னால் ரிவர்ஸ் டிஎன்எஸ் எங்கள் விருப்பப்படி அமையுமா, 25-ஆம் போர்ட் வெளியே திறந்திருக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். அதுவும் முடியாதவர்கள், ஒழுங்கான பெயர் உள்ள ஒரு ரிலே சர்வர் வழியே வெளிக்கடிதங்களை அனுப்பலாம். அப்போதும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் வழியே அவர்களுடைய டொமைனின் அடையாளம் அவர்களிடமே இருக்கும். உண்மையில் இந்தச் சோதனை சிறியவர்களுக்குச் சாதகமான ஒன்று. பிடிஆர் எழுதப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை, ஆயிரம் சர்வர் வேண்டியதில்லை. ஒரே சர்வர் வைத்திருப்பவரும் கூகுளுக்கு நிகராக இதில் தேற முடியும்.

முறையாகச் செய்வது எப்படி என்பதையும் சொல்லி முடிக்க வேண்டும். முதலில் சேவையை நடத்துகிறவரின் சொந்த டொமைனில் இயந்திரத்துக்கு ஒரு பெயர் வையுங்கள், மெயில்1.சேவை.உதாரணம் என்று வைத்துக்கொள்வோம். எந்த வாடிக்கையாளரின் டொமைனிலும் வைக்க வேண்டாம், ஏனென்றால் வாடிக்கையாளர் போய்விடலாம், இயந்திரம் இருக்கும். அந்தப் பெயருக்கு முகவரிப் பதிவை எழுதி, அது பரவிய பிறகு பிடிஆரை எழுதுங்கள். அந்த முகவரிப் பதிவு இல்லாமல் பிடிஆரை ஏற்காத சேவை நிறுவனங்களும் இருக்கின்றன. பிறகு போஸ்ட்ஃபிக்ஸின் ஹீலோ பெயரும் அதுவே என்று உறுதிசெய்யுங்கள். எல்லா டொமைன்களின் எம்எக்ஸ் பதிவும் அந்த ஒரே பெயரைக் காட்டட்டும். அப்படிச் செய்தால் டிஎல்எஸ் சான்றிதழும் அந்த ஒரு பெயருக்கு இருந்தால் போதும். எம்எக்ஸ் காட்டும் பெயர் மாற்றுப்பெயர்ப் பதிவாக இருக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். இவ்வளவும் செய்த பிறகும் சறுக்கும் இடங்கள் இரண்டு. சர்வருக்குப் பல முகவரிகள் இருந்தாலோ அது ரூட்டருக்குப் பின்னால் இருந்தாலோ, கடிதம் உள்ளே வரும் முகவரி ஒன்றாகவும் வெளியே போகும் முகவரி வேறாகவும் இருக்கக்கூடும். பிடிஆர் வேண்டியது வெளியே போகும் முகவரிக்கு. மற்றது ஐபிவி6. சர்வருக்கு ஐபிவி6 முகவரி தானாகவே கிடைத்திருக்கக்கூடும். எதிர்ப்பக்கமும் அதில் இருந்தால் கடிதம் அந்த வழியாகப் போய்விடும். பிடிஆரோ ஐபிவி4-க்கு மட்டும் எழுதியிருப்போம். முப்பத்திரண்டு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டி எழுதும் அந்தப் பதிவையும் செய்யுங்கள், இல்லையேல் ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பும்படி சர்வரைக் கட்டுங்கள். கடைசியில் டிக் கட்டளையால் இரண்டு திசையிலும் கேட்டுப் பார்த்துவிட்டு, வெளியே ஒரு கணக்குக்குக் கடிதம் அனுப்பி, அதன் வரவு வரியை நீங்களே படியுங்கள். ஹீலோ பெயரும் சோதித்த பெயரும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது.

நண்பர்களே, மின்னஞ்சல் இன்னும் எவருடைய தனிச் சொத்தாகவும் ஆகாத பொதுப் பாதை. ஒரு சிற்றூர் நூலகமும் தன் சொந்த சர்வரிலிருந்து உலகத்தின் எந்த அஞ்சல் பெட்டிக்கும் எழுத முடியும் என்ற வசதி, இணையத்தில் மிஞ்சியிருக்கும் அரிய சமத்துவங்களில் ஒன்று. அதைக் காப்பாற்றும் கடமை பெரிய நிறுவனங்களுக்கு இருக்கும் அளவுக்குச் சிறு நிர்வாகிகளுக்கும் இருக்கிறது. நம் சர்வர் தன் பெயரைத் தெளிவாக, ஒரே குரலில், எவர் கேட்டாலும் மாறாமல் சொல்ல வேண்டும். அதில் குடியிருக்கும் ஒவ்வொரு டொமைனும் தன் கையொப்பத்தைத் தானே இட வேண்டும். இயந்திரத்துக்கு நாம் பொறுப்பு, கடிதத்துக்கு டொமைன்காரர் பொறுப்பு என்ற இந்தப் பிரிவினையைக் கடைப்பிடித்தால், ஒரே முகவரியில் இருபது டொமைன்கள் குறையின்றி இயங்கும்.